காருக்கும் சுழி பார்க்கணும்!

எங்கள் காங்கேயத்தில் ஒரு மாடு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை, சகோதரிகளே! என் அப்பா காளை வாங்கப் புறப்பட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடைப்பல் சேர்ந்துவிட்டதா என்று. அப்புறம் கொம்பு, திமில், குளம்பு. கடைசியில் சுழி. கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி என்றால் முகம் மலரும். பாடைச் சுழி கண்ணில் பட்டுவிட்டதோ, தரகர் எத்தனை ஆயிரம் இறக்கினாலும் சரி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். சுழியில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஒன்றை வாங்குமுன் நாலு பக்கமும் சுற்றி வந்து, அதன் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அந்த நிதானம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவருடைய மகள் நான், கொஞ்ச நாள் முன்பு ஒரு பழைய காரின் முதுகில் எழுதியிருந்த மூன்றே மூன்று எழுத்தைப் படிக்கத் தெரியாமல் நின்றேன்.

சமாசாரம் இதுதான். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் கட்டுச்சோறு போட்டு அழைத்து வரவேண்டும். வந்த பிறகு மாதாமாதம் டாக்டர், ஸ்கேன், அப்புறம் கைக்குழந்தை, தடுப்பூசி. இன்னொரு பக்கம் என் மாமியாருக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியவில்லை. இருபது வருஷமாக எங்கள் குடும்பத்தையே சுமந்த டி.வி.எஸ். ஃபிப்டி இனிமேல் போதாது என்று ஆகிவிட்டது. புதுக் காருக்கு வசதியில்லை. மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய கார் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

தரகர் ஒரு வெள்ளைக் காரைக் கொப்பரைக் களத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார். 2013 மாடல். பின்னால் ‘எல்.எக்ஸ்.ஐ.’ என்று போட்டிருந்தது. விலை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். நாலு நாள் கழித்து இன்னொன்று. அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம், அதே வெள்ளை. பின்னால் மட்டும் ‘இசட்.எக்ஸ்.ஐ.’. விலை மூன்று லட்சத்து முப்பத்தையாயிரம்!

“மூணு எழுத்துல ஒரு எழுத்து மாறுனதுக்கு நாப்பத்தஞ்சாயிரமா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“எழுத்துல என்னங்ண்ணா இருக்குது? கண்ணாடி பட்டன்ல இறங்கும், சக்கரம் பளபளன்னு இருக்கும். அவ்வளவுதானுங்க” என்றார் தரகர்.

எனக்கோ வேறு சந்தேகம். எங்கள் பக்கத்தில் எல், எக்ஸ்.எல். தெரியாத குழந்தை கிடையாது. வீட்டுக்கு ஒருவர் பனியன் கம்பெனியில் செக்கிங்கோ பேக்கிங்கோ பார்த்திருப்பார்கள். எல் என்றால் லார்ஜ். அப்படியானால் எல்.எக்ஸ்.ஐ.தானே பெரிய கார்? அதற்கு எப்படி விலை குறைச்சல்? மகளிடம் போனில் கேட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு அவள் சிரித்த சிரிப்பில் நான் பயந்தே போனேன். “ஏம்மா, அது சட்டையா? அதுதான் இருக்கறதுலயே அடிப்படை மாடலும்மா!”

அவமானமாகத்தான் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து, தெரிந்தவர்களைக் கேட்டு, பழைய நாட்களையும் நினைத்துப் பார்த்து, இந்த எழுத்துச் சமாசாரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்டத் தேங்காய்க்குள் இளநீர் மாதிரி வந்துகொண்டே இருந்தது, போங்கள்!

முதலில் அந்தக் கடைசி எழுத்து ‘ஐ’. அது இன்ஜெக்‌ஷன். ஆஸ்பத்திரி ஊசி இல்லை, பெட்ரோலுக்குப் போடுகிற ஊசி. பழைய கார்களில் கார்புரேட்டர் என்று ஒன்று இருந்தது. உள்ளே இழுக்கப்படுகிற காற்று, போகிற போக்கில் சின்னத் துவாரம் வழியாகப் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் டப்பாவைச் சாய்த்துத் தாளிக்கிற மாதிரி: ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். குளிர் காலத்துக் காலையில் வண்டி கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். சோக் குமிழை இழுத்துவிட்டுக் கெஞ்ச வேண்டும். இன்ஜெக்‌ஷன் என்பது அளந்து, குழாய் முனையால் பீய்ச்சுவது. எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்னணு மூளை கணக்குப் போட்டுச் சொல்லும். புகையும் குறையும், பெட்ரோலும் மிச்சம். 1990களில் வந்த மாருதி ஜென், எஸ்டீம் கார்களில் எல்.எக்ஸ்., வி.எக்ஸ். என்று இரண்டெழுத்துதான் இருந்தது. 2000ஆம் வருஷத்தை ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகி, இன்ஜெக்‌ஷன் வந்தபோது வாலில் ஒரு ‘ஐ’ ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் புதிதாக வருகிற எல்லாப் பெட்ரோல் காரிலும் இன்ஜெக்‌ஷன்தான். ஆனாலும் அந்த ‘ஐ’ போகவில்லை. ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் ஊர்ப்பெயரை இனிஷியலில் வைத்துக்கொள்வதில்லையா, அப்படி!

நடுவில் இருக்கிற ‘எக்ஸ்’ இடத்தில் ‘டி’ வந்தால் டீசல். எல்.டி.ஐ., வி.டி.ஐ., இசட்.டி.ஐ. என்பார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் அந்த எழுத்துகள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

முதல் எழுத்துதான் முக்கியம். எல், வி, இசட் மூன்றும் படிக்கட்டுகள். எல் கீழ்ப்படி, வி நடுப்படி, இசட் மேல்படி. விற்கிறவர்கள் ஆளுக்கொரு விரிவு சொல்வார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. படி எத்தனையாவது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு கம்பெனிக்கும் படிகளுக்குத் தனிப்பெயர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற ஹூண்டாய்க்காரர்கள் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்று எழுத்துக்குப் பதில் பெயரே வைத்தார்கள். டாடாவில் எக்ஸ்.இ., எக்ஸ்.எம்., எக்ஸ்.டி., எக்ஸ்.இசட். சில வண்டிகளில் எல்லாவற்றுக்கும் பின்னால் வளைவுக்குள் ஒரு ‘ஓ’ இருக்கும். அது ஆப்ஷனல் என்பதன் சுருக்கம். இந்த ‘ஓ’வை மறந்துவிடாதீர்கள், கீழே வரப்போகிறது.

எழுத்தின் அர்த்தம் காலத்துக்குக் காலம் மாறும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பழங்கதை ஒன்று. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரில் கார் என்றால் இரண்டே ஜாதி. ஒன்று அம்பாசடர், இன்னொன்று பியட். அம்பாசடரில் மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர் என்று ராஜாக்களுக்கு எண் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போனார்கள். 1990களில் அதே அம்பாசடர் ‘1800 ஐ.எஸ்.இசட்.’ என்று வந்தது. ஜப்பான்காரர்களின் இசுசு என்ஜின் என்பதற்குத்தான் அந்த ஐ.எஸ்.இசட். பியட்டில் 1964 வாக்கில் வந்தது ‘1100 டி’. எங்கள் அப்பா அதை டீசல் என்று நினைத்து, “மைலுக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்?” என்று அரிசி மில் முதலாளியிடம் கேட்டுவிட்டாராம். அது பெட்ரோல் கார்! இந்தியாவில் அந்த ‘டி’க்கு டிலைட் என்று பெயர் வைத்திருந்தார்கள். டிலைட் என்றால் ஆனந்தம். அந்தக் கார்தான் 1970களில் பிரீமியர் பிரசிடெண்ட் ஆகி, அப்புறம் பிரீமியர் பத்மினி ஆயிற்று. பிற்பாடு பத்மினியிலேயே ‘137 டி’ என்று ஒன்று வந்தது. அந்த ‘டி’ நிஜமாகவே டீசல். ஒரே குடும்பத்தில் ஒரே எழுத்து, அப்பனுக்கு ஆனந்தம், மகனுக்கு டீசல்!

வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் 300 இ என்று எண்ணுக்குப் பின்னால் வந்த ‘இ’, ஜெர்மன் பாஷையில் இன்ஜெக்‌ஷனைக் குறிக்கிற சொல்லின் முதல் எழுத்து. 1993ல் அந்த ‘இ’யை எண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு வரிசைக்கே பெயராக்கிவிட்டார்கள். பி.எம்.டபிள்யூ. காரின் ‘ஐ’யும் இன்ஜெக்‌ஷன்தான், இப்போது அதை மின்சாரக் கார்களுக்கு ஒதுக்கிவிட்டுப் பெட்ரோல் கார்களிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லாரிக்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். ‘பதினாறு பதிமூணு’ என்று என் அண்ணன் சொல்லும் டாடா 1613 லாரி இருக்கிறதே, அதில் முதல் 16 என்பது சுமையோடு சேர்த்து மொத்த எடை டன்னில். 13 என்பது என்ஜின் பலம், ஏறக்குறைய 130 குதிரை சக்தி. எண்ணைப் பார்த்தாலே எவ்வளவு தாங்கும், எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்துவிடும். குடும்பம் ஏறுகிற காருக்கு அப்படி எழுதக் கூடாதா? யாரும் கேட்பதில்லை.

சரி, எங்கள் இரண்டு வெள்ளைக் காருக்கு வருகிறேன். படி மட்டும்தான் வித்தியாசம் என்றால் நானும் எல்.எக்ஸ்.ஐ.க்கே சரி என்றிருப்பேன். கண்ணாடியைக் கையால் சுற்றினால் என்ன, கை தேய்ந்தா போகும்? என் அண்ணன் மகன்தான் வந்து என் தலையில் தண்ணீர் ஊற்றினான். திருப்பூரில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிற பிள்ளை அவன்.

“அத்தைங்க, கண்ணாடியை விடுங்க. 2013 வண்டியில கீழ்ப்படி மாடல்ல ஏர்பேக் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது. மேல்படியிலதான் ரெண்டும் குடுத்தாங்க. அந்த எழுத்துக்கு அதுதானுங்க அர்த்தம்.”

சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கு அப்பாவின் பாடைச் சுழி ஞாபகம் வந்தது.

ஏர்பேக் என்பது மோதிய கணத்தில், நாம் கண் சிமிட்டுவதற்குள், ஸ்டீயரிங்கிலிருந்தும் முன்பலகையிலிருந்தும் விரிந்து தலையையும் மார்பையும் தாங்குகிற காற்றுப் பை. ஏ.பி.எஸ். என்பது அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்ப விடுகிற ஏற்பாடு. மழைக்காலத்தில் நம் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் இதன் அருமை தெரியும்.

இதற்கு ஊரறிந்த சாட்சியும் உண்டு. குளோபல் என்கேப் என்கிற அமைப்பு 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஆல்டோ, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகம். ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களைத்தான் மோதவிட்டார்கள். பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம்! அப்புறம் அதே போலோவை, இரண்டு ஏர்பேக் உள்ளதாக எடுத்து மறுபடி மோதவிட்டார்கள். நாலு நட்சத்திரம். அதே பெயர், அதே உருவம். ஒன்றுக்குச் சுழி, இன்னொன்றுக்கு நாலு. ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே அந்தக் கம்பெனி அதன்பின் நிறுத்திவிட்டது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதே வருஷம் ஜூலை 1 முதல் ஓட்டுகிறவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கு – நம் வீடுகளில் பெரும்பாலும் அது யார் என்று உங்களுக்கே தெரியும் – ஏர்பேக் கட்டாயமானது, புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31 முதலும்தான். ஓட்டுகிற ஆணுக்கு ஒரு நியாயம், பக்கத்தில் பிள்ளையோடு உட்காருகிற பெண்ணுக்கு இரண்டு வருஷம் தாமதம்! ஆக, இப்போது புதுக் கார் வாங்குகிறவர்கள் எழுத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு, அதுவும் 2019க்கு முந்தியது என்றால், அந்த எழுத்துதான் எல்லாம். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவது பெரும்பாலும் அதைத்தானே?

வீட்டில் சண்டை வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? “நாப்பத்தஞ்சாயிரம் மரத்துல காய்க்குதா?” என்றார் அவர். “மாதச் சீட்டுப் பணம் நாற்பதாயிரம் எனக்கு வருது, அதைப் போடுங்க” என்றேன். அது ரொம்ப நாளாக ஒரு ஜோடி வளையலுக்கு என்று வைத்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் களத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, “அந்த இசட் வண்டியவே பாத்தரலாம்” என்றார்.

பார்க்கப் போனோம். அண்ணன் மகனும் கூட வந்தான். அவன் என் அப்பாவைப் போலவே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து ஸ்டீயரிங்கின் நடுவில் விரலை வைத்துத் தடவினான். என்னைக் கூப்பிட்டான். “இங்க பாருங்க அத்தை. ஏர்பேக் இருந்தா இந்த இடத்துல எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்னு எழுத்து அச்சுல பதிஞ்சிருக்கணும். எங்கே?” வழுவழுவென்று இருந்தது. பக்கத்து சீட்டுக்கு எதிரே பலகையிலும் இல்லை. சாவியைப் போட்டான். முன்னால் வரிசையாக விளக்குகள் எரிந்தன. ஏர்பேக் உள்ள காரில், உட்கார்ந்த மனிதனின் மார்புக்கு முன்னால் ஒரு பந்து மாதிரி படம் போட்ட சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏதோ கோளாறு. எரியவே இல்லை என்றால் ஏர்பேக்கே இல்லை, அல்லது விளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் அந்தப் படமே வரவில்லை.

ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டோம். மாடல் என்று போட்ட இடத்தில் எல்.எக்ஸ்.ஐ.!

பின்னால் இருந்த ‘இசட்’ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் எழுத்து. பசை போட்டு ஒட்டியிருந்தது. கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது. அதை நான் முன்பே பார்த்தும் யோசிக்கவில்லை.

“அது முந்தின ஓனர் அழகுக்கு ஒட்டுனதுங்க்கா, எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றார் தரகர். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்களாவது விரலைக் கண்டபடி மாற்ற மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அப்பாவையே பார்த்த மாதிரி இருந்தது.

ஆகவே பழைய வண்டி பார்க்கிற சகோதரிகள் முதுகு எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் காகிதத்திலும் என்ன மாடல் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தாலும் மாடல் விவரம் தெரியும். அப்புறம் ஸ்டீயரிங்கில் அந்த அச்செழுத்து, சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு. ஏற்கெனவே ஒரு விபத்தில் விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமலே மூடியை மட்டும் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு என்று பிள்ளை சொன்னான். அதனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவது செலவில்லை.

கடைசியில் எங்களுக்கு அமைந்தது 2016 மாடல் ஒன்று. பளபளப்பு இல்லை, கதவில் ஒரு கீறல், மழை பெய்தால் பூஞ்சை வாசனை. பின்னால் வி.எக்ஸ்.ஐ., பக்கத்தில் வளைவுக்குள் ஒரு ‘ஓ’. நடுப்படியில் இருப்பவர்களும் கூடுதல் பணம் கொடுத்து ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி விட்ட காலத்து ‘ஓ’ அது. ஆர்.சி.யில் சரியாக இருந்தது. ஸ்டீயரிங்கில் எழுத்து இருந்தது. விளக்கு எரிந்து அணைந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வளையல் போயிற்று, போகட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று இருக்கிறதே, அதன் பொருளே ‘துணைக்கு நிற்கிற ஏற்பாடு’ என்பதுதான். எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. பெல்ட் போடாதவரை ஏர்பேக் காப்பாற்றும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அந்த வேகத்தில் விரிகிற பை மேலே போய் விழுந்தால் அதுவே அடித்துவிடும். பின் சீட்டுக்கு பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் இருந்தது உயர்ந்த ரகக் காரின் பின் சீட்டில்தான். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக்கூடாது, குழந்தையை அழுத்தும் என்று என் மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பு. போடவேண்டும், போடுகிற முறையில் போடவேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரவே கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டித் தொடை தொடங்கும் இடத்தில் படிய வேண்டும். மேல்பட்டை இரு மார்புக்கும் நடுவே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, பலகைக்கும் உடம்புக்கும் ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது நம் எல்லோருக்கும் பழக்கம். நானும் செய்தவள்தான். அண்ணன் மகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். பத்துக் கிலோ குழந்தை. கார் நாற்பது கிலோ மீட்டர் வேகத்தில் போய், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மோதி நிற்கிறது. அந்தக் கணம் குழந்தை நம் கையை இழுக்கிற இழுப்பு நூற்றுப் பத்துக் கிலோவுக்கு மேல்! எங்கள் ஊர் அரிசி மில்களில் முன்பு எழுபத்தைந்து கிலோ மூட்டை கட்டுவார்கள். ஒன்றரை மூட்டையை எந்தத் தாயின் கை பிடித்து நிறுத்தும்? அதோடு ஏர்பேக் உள்ள முன் சீட்டில் குழந்தை இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. குழந்தைக்கான தனி சீட் வாங்கிப் பின்பக்கம்தான் பொருத்த வேண்டும்; பச்சைக் குழந்தை என்றால் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி. பழைய காரில் அதற்கான கொக்கி இல்லாவிட்டாலும், காரின் சீட் பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டுகிற சீட்டுகள் உண்டு. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டதும்தான் குழந்தை சீட் விலை விசாரிக்கப் போனார்!

போன வாரம் கட்டுச்சோறு நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போது மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே நானே படிய வைத்தேன். பக்கத்தில் மாமியார். முன்னால் நான். பெல்ட்டை எடுத்து மாட்டப் போனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் அம்மிணி, என்னையென்ன மாட்டைக் கட்டற மாதிரி கட்டறே? பட்டுச் சேலை கசங்குது.”

“பேத்திக்குத் துணையா நீங்களும் போட்டுக்குங்க அத்தை” என்றேன். பேத்தி என்றதும் வாயை மூடிக்கொண்டார். படியூர் வருவதற்குள் இரண்டு தடவை “கழட்டிக்கட்டுமா?” என்று கேட்டார். மூன்றாம் தடவை சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தேன். பெல்ட்டின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார்.